மால்பொர்க்: செங்கல் கோட்டையையும் அதன் ஊரையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

ஐரோப்பாவில் கோட்டை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் முன்னால்தான். அழகுதான், ஆனால் அது 1869-ல் கட்டத் தொடங்கிய ஓர் அரசனின் கற்பனை. அங்கே போர் நடந்ததில்லை. இடைக்காலத்தில் ஒரு படை வாழ்ந்த, பட்டினி கிடந்த, விலைபேசி விற்ற கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் போலந்தின் வடக்கே, நோகாட் ஆற்றங்கரையில் இருக்கும் மால்பொர்க்குக்குப் போங்கள். பரப்பளவில் உலகின் மிகப் பெரிய கோட்டை என்று இதைத்தான் சொல்கிறார்கள். சுற்று மதில்களோடு சேர்த்தால் ஏறத்தாழ 21 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கருக்கும் மேல். கோதிக் பாணி, முழுக்க முழுக்கச் செங்கல். 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஊரில் ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணமே அந்தக் கோட்டைதான். ஒவ்வொரு முறை கோட்டை பிழைத்தபோதும் விலை கொடுத்தது ஊர். அதனால் இந்த வழிகாட்டியில் ஊருக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

1. எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூலையில் 'மால்பொர்க் முற்றுகை' என்று ஒரு பெரிய விழா உண்டு. கவசம் அணிந்தவர்கள் மதிலடியில் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்க்க ஆசை என்றால் போங்கள். கோட்டையை நிதானமாகப் பார்க்க ஆசை என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கால் வைக்க இடம் இருக்காது.

குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, பனி விழுந்த செங்கல் மதில் தனி அழகு. ஆனால் டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். உள்ளேயும் பல அறைகள் குளிராக இருக்கும். கோடையில் அதற்கு நேர்மாறு, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

திங்கட்கிழமைகளில் எச்சரிக்கை தேவை. உள் அறைகளை மூடி, முற்றங்களையும் மதிலோரங்களையும் மட்டும் திறந்துவிடுவது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் கோட்டை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். மூடுவதற்கு வெகு முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும்.

2. எப்படிப் போய்ச் சேர்வது

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்குமே ஷெங்கன் விசா வேண்டும். பணம் ஸ்வோட்டி, யூரோவை நம்பிப் போகாதீர்கள். கார்டு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் செல்லும்.

தங்க வசதியான இடம் க்தான்ஸ்க் நகரம். அங்கிருந்து மால்பொர்க் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ரயிலில் வேகமான வண்டி என்றால் அரை மணி, நின்று நின்று போகும் வண்டி என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. வார்சாவிலிருந்து வருகிறவர்களுக்கும் கவலை இல்லை. வார்சா–க்தான்ஸ்க் முக்கிய இருப்புப்பாதையிலேயே மால்பொர்க் இருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விரைவு வண்டிகளை நடத்துவது ஒரு நிறுவனம், உள்ளூர் வண்டிகளை நடத்துவது வேறொன்று. உள்ளூர் வண்டிக்கு எடுத்த மலிவு டிக்கெட்டோடு விரைவு வண்டியில் ஏறினால் பரிசோதகர் அபராதம் போடுவார். "ஒரே தண்டவாளம்தானே" என்ற வாதம் அவரிடம் எடுபடாது.

க்தான்ஸ்கிலிருந்து வரும்போது வண்டியின் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நோகாட் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் கோட்டை முழுவதும் தெரியும்.

எங்கே இறங்குவது? மால்பொர்க் முதன்மை நிலையத்தில் இறங்கி, பதினைந்து இருபது நிமிடம் நடந்து கோட்டைக்கு வருவதுதான் எல்லாரும் செய்வது. அந்த நிலையக் கட்டடமும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டைச் சாயலில் செங்கல்லால் கட்டியதுதான். ஆனால் உள்ளூர் வண்டியில் வருகிறீர்கள் என்றால், அதற்கு ஒரு நிறுத்தம் முன்னதாக, ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் மால்பொர்க் கவுடோவோவில் இறங்கிவிடுங்கள். சின்ன நிறுத்தம், விரைவு வண்டிகள் நிற்காது. அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்து நடைபாலம் வழியாகக் கோட்டைக்குள் போவதே என் கணக்கில் சரியான வழி. முதல் பார்வை நுழைவுச்சீட்டுச் சாளரத்திலிருந்து தொடங்கக் கூடாது.

3. டிக்கெட், நேரம், செருப்பு

கோட்டைக்குள் முழுச் சுற்றுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். முழுச்சுற்று டிக்கெட்டோடு காதில் மாட்டிக்கொள்ளும் ஆடியோ கைடு தருவார்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று அதுவே கண்டுபிடித்துப் பேசத் தொடங்கும். தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. கோடையில் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். பெரிய கோபுரத்தில் ஏறத் தனிக் கட்டணம். மழை, காற்று இருந்தால் மூடிவிடுவார்கள்.

படிகள் நிறைய. சுழல்படிகள், தேய்ந்த கற்படிகள், உருண்டைக் கல் பாவிய முற்றங்கள். அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு வந்தால் முற்றங்கள், பெரும் விருந்து மண்டபம், தாழ்தளத்துக் கண்காட்சிகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து முழுச் சுற்றும் போக முடியாது. பெரிய பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

4. உள்ளே போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

இதைக் கட்டியவர்கள் டியூட்டானிக் சபையினர். பாதி துறவிகள், பாதி போர்வீரர்கள். 1190-ல் சிலுவைப் போர்க் காலத்தில் ஆக்கர் நகரில் ஜெர்மானியர்களுக்கான மருத்துவமனையாகத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே ஆயுதம் ஏந்திய சபையாக மாறியவர்கள். பால்டிக் கடலோரத்தில் கிறிஸ்தவம் ஏற்காத பிரஷ்ய மக்களை அடக்குவதற்காகப் போலந்தின் மசோவியப் பிரபு கொன்ராட் இவர்களை அழைத்தார். வந்தவர்கள் அடக்கினார்கள், அப்புறம் தங்களுக்கென்றே ஒரு நாட்டை அமைத்துக்கொண்டார்கள். அழைத்த வீட்டுக்காரருக்கே அது தலைவலியானது.

மால்பொர்க்கில் கட்டுமானம் 1270-களில் தொடங்கியது. கன்னி மரியாளின் பெயரால் மரியன்புர்க் என்று வைத்தார்கள். 1309-ல் பெருந்தலைவர் சீக்ஃபிரீட் ஃபான் ஃபாய்ஹ்ட்வாங்கன் சபையின் தலைமையகத்தை வெனிஸிலிருந்து இங்கே மாற்றினார். எல்லைக் காவல் மடமாக இருந்த இடம் ஒரே நாளில் தலைநகரானது. அதுவரை இருந்த கட்டடம் 'மேல் கோட்டை' ஆனது, அதன் முன்வெளி 'நடுக்கோட்டை' ஆனது, அதற்கும் வெளியே களஞ்சியம், பட்டறை, தொழுவம் எல்லாம் கொண்ட 'கீழ்க்கோட்டை' எழுந்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் உள்ளே வழி தவறாது.

1410 ஜூலை 15-ல் கிருன்வால்ட் போர். போலந்து–லித்துவேனியக் கூட்டுப்படையிடம் சபை தோற்றது, பெருந்தலைவர் உல்ரிக் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே மாண்டார். வென்ற அரசன் யகியேவோ மால்பொர்க்கை நோக்கி மெதுவாக வந்தார். அந்தத் தாமதத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஹைன்ரிக் ஃபான் பிளௌவன் என்ற தளபதி கோட்டைக்குள் புகுந்து காவலைப் பலப்படுத்தினார். எதிரிக்கு ஒதுங்க இடம் இருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டிய ஊரைக் கொளுத்தினார். இரண்டு மாத முற்றுகை தோற்றது. கோட்டை பிழைத்தது, ஊர் சாம்பலானது. இது முதல் முறை.

அடுத்தது பணக்கதை. 1454-ல் தொடங்கிய பதின்மூன்றாண்டுப் போரில் சபையிடம் காசு தீர்ந்துபோனது. கூலிப்படைக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கோட்டைகளையே அடகு வைத்தார்கள். சம்பளம் வரவில்லை. 1457-ல் கூலிப்படைத் தலைவனான செக் நாட்டுக்காரன் உல்ரிக் செர்வோன்கா, மால்பொர்க்கையும் வேறு சில கோட்டைகளையும் போலந்து அரசர் நான்காம் காசிமிருக்கு 1,90,000 ஃபுளோரின் பொன்னுக்கு விற்றுவிட்டான். முற்றுகையால் விழாத மதில் ரசீதில் விழுந்தது. ஆனால் ஊர் மட்டும் சபையின் பக்கமே நின்றது. கோட்டையில் போலந்துப் படை, கீழே ஊரில் மேயர் பார்த்தலோமேயுஸ் புளூமேயின் ஆட்கள். 1460 வரை தாக்குப்பிடித்தார்கள். ஊர் விழுந்ததும் மேயருக்கு மரண தண்டனை.

அதன் பிறகு 1772 வரை போலந்து அரசர்களிடம் இருந்தது. போலந்தின் முதல் பிரிவினையில் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. படைவீடு, கிடங்கு என்று பயன்படுத்தி, உள்ளே சுவர்களை இடித்தும் தடுத்தும் பாழாக்கினார்கள். பின்னர் ஜெர்மானியக் கலைஞர்களுக்கு இடைக்காலத்தின் மேல் மோகம் வந்தது. 1882 முதல் 1922 வரை கட்டடக் கலைஞர் கான்ராட் ஸ்டைன்பிரெக்ட் நாற்பது ஆண்டுகள் இதை மீட்டெடுத்தார். நாஜிகள் காலத்தில் ஹிட்லர் இளைஞர் படைக்கு இது யாத்திரைத் தலம். 1945 ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் 9 வரை ஜெர்மானியப் படை கோட்டைக்குள் இருந்து சண்டையிட்டது. சோவியத் பீரங்கிகள் பாதிக்கு மேல் தகர்த்தன. போலந்து அரசு 1961-ல் அருங்காட்சியகம் அமைத்து மறுபடி கட்டத் தொடங்கியது.

ஆக, நீங்கள் பார்க்கப்போவதில் கணிசமான பகுதி 13, 14-ஆம் நூற்றாண்டு இல்லை. சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது எந்தக் காலத்துச் செங்கல் என்று தேடத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது.

5. அக்கரையில் நின்று முதலில் பாருங்கள்

கோட்டையின் மேற்கு முகம் ஆற்றைப் பார்த்திருக்கிறது. பிற்பகல் வெயில் நேராக அதன்மேல் விழும். படம் எடுக்கிறவர்கள் மாலையில் மறுபடியும் இங்கே வரும்படி திட்டமிடுங்கள். காலையில் எதிர்வெயில், கோட்டை கருநிழலாகத்தான் விழும்.

இடமிருந்து வலமாகப் பாருங்கள். இடப்பக்கம் நீளமாக இருப்பது நடுக்கோட்டை. நடுவே உயரமாக, ஜன்னல்கள் நிறைந்து நிற்பது பெருந்தலைவரின் மாளிகை. வலப்பக்கம் சதுரமாகக் கனத்து நிற்பது மேல் கோட்டை. கரையோரம் இரட்டைக் கோபுரமாக நிற்பது பழைய பாலத்து வாயில்.

விஸ்துலா ஆற்றின் வண்டல் நிலம் இது. பாறை கிடையாது, களிமண் கொள்ளை. அதனால்தான் செங்கல். அடித்தளத்திலும் தூண்களிலும் தெரியும் கருங்கல், பனியுகத்தில் பனிப்பாறைகள் வடக்கேயிருந்து உருட்டிக் கொண்டுவந்து போட்ட குண்டுக்கற்கள். மதிலை நெருங்கியதும் செங்கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். பழையவை கையால் அச்சில் அறுத்தவை. பருமனானவை, விளிம்பு மழுங்கியவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சூளையில் தீ அதிகம் பட்டுக் கருத்துப்போன கற்களைத் தூக்கிப் போடவில்லை, அவற்றை வைத்தே சுவரில் சாய்சதுரக் கோலம் போட்டிருக்கிறார்கள். விளிம்பு கூர்மையாக, நிறம் ஒரே சீராக இருக்கிற பகுதி வந்தால் அது பிற்காலத்துக் கை.

6. நடுக்கோட்டை

அகழியின் மேல் பாலம், அப்புறம் அடுத்தடுத்து வாயில்கள். மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவுக்கான பள்ளங்கள் சுவரின் இருபுறமும் இருக்கும், விரலை விட்டுப் பார்க்கலாம். முற்றத்தில் நான்கு வெண்கலப் பெருந்தலைவர்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிலைகள் இடைக்காலத்தவை அல்ல. 1877-ல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு இங்கே எழுப்பிய நினைவுச்சின்னத்தின் மிச்சம். பிரதான நாயகர் போய்விட்டார், பீடத்தில் சுற்றி நின்றவர்கள் தங்கிவிட்டார்கள்.

பெரும் விருந்து மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். முப்பது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கூரையை மூன்றே மூன்று மெல்லிய கருங்கல் தூண்கள் தாங்குகின்றன. ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் விலா எலும்பு போன்ற வளைவுகள் பனங்கொண்டை விரிந்ததுபோல் நாலாபக்கமும் விரிந்து கூரையாகின்றன. விருந்தாளிகளாக வந்த மேற்கு ஐரோப்பிய வீரர்களுக்கு இங்கேதான் சாப்பாடு. சுவரோரம் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள்; ஆடியோ கைடை இங்கே கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

தரையில் வட்ட வட்டமாகத் துளைகளும் மூடிகளும் தெரியும். அது வெப்பமூட்டும் ஏற்பாடு. கீழ்த்தளத்தில் ஓர் உலை, அதன்மேல் குண்டுக்கற்களைக் குவித்திருப்பார்கள். விறகு எரித்துக் கற்களைச் சூடேற்றுவார்கள். புகை புகைபோக்கி வழியே போய்விடும். தீ அணைந்தபின் மூடிகளைத் திறந்தால், கற்களைத் தொட்டு வரும் சூடான காற்று மண்டபத்துக்குள் ஏறும். புகை இல்லாத கதகதப்பு.

அடுத்து பெருந்தலைவரின் மாளிகை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. இந்தக் கோட்டையில் ஒரே ஓர் அறைதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இங்குள்ள கோடை விருந்தறையைச் சொல்வேன். நடுவில் ஒற்றைக் கருங்கல் தூண், அதுவே மொத்தக் கூரையையும் தாங்குகிறது. மூன்று பக்கம் ஜன்னல்கள். இவ்வளவு ஜன்னல் எப்படிச் சாத்தியம் என்பதற்கு விடை வெளிப்புறத்தில் இருக்கிறது. சுவரைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் கீழிருந்து கனமாக ஏறி, ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் வெட்டுப்பட்டு, அந்த இடைவெளியில் இரண்டிரண்டு ஒல்லியான கருங்கல் தூண்களாக மாறி, மேலே போய் மறுபடி சுவராகின்றன. வெளிச்சத்துக்காக இவ்வளவு துணிச்சல். காவல் கோட்டையில் இது தேவையே இல்லை. அதிகாரத்தைக் காட்டத்தான்.

அந்த அறையின் கணப்புக்கு மேலே சுவரில் ஒரு கல் குண்டு பதிந்திருக்கும். 1410 முற்றுகையின்போது, தலைவர்கள் உள்ளே கூடியிருந்த நேரம் பார்த்து, ஒற்றைத் தூணைக் குறிவைத்துச் சுட்டார்களாம். தூண் உடைந்தால் கூரை மொத்தமும் தலையில் விழும். உள்ளேயிருந்த துரோகி ஒருவன் ஜன்னலில் சிவப்புத் தொப்பியைத் தொங்கவிட்டு அடையாளம் காட்டினான் என்றும் சொல்வார்கள். குறி தப்பி, குண்டு சுவரில் போய்ப் பதிந்தது என்பது கதை. குழந்தைகளோடு போனால் முதலில் குண்டைத் தேடச் சொல்லிவிட்டுப் பிறகு கதையைச் சொல்லுங்கள்.

நடுக்கோட்டையில் அம்பர் (கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின்) கண்காட்சியும் ஆயுதக் கண்காட்சியும் உண்டு. அம்பர் சபையின் தனியுரிமை. கடலோரத்தில் கிடைத்த அம்பரை வேறு யாரும் விற்கக் கூடாது. கோட்டையின் செல்வத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆயுதங்களை விரைவாகப் பார்த்துவிட்டு நகரலாம்.

7. மேல் கோட்டை

இது மடம். வீரர்கள் துறவு விதிப்படி வாழ்ந்த இடம். குறுகிய நுழைவழியைத் தாண்டியதும் சதுர முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காக வளைவுத் தாழ்வாரங்கள், நடுவில் கிணறு. கிணற்றுக் கூரையின் உச்சியில் ஒரு கூழைக்கடா, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. கிறிஸ்துவின் தியாகத்துக்கு இடைக்காலம் வைத்த அடையாளம் அது.

கீழ்த்தளத்தில் சமையலறை. அடுப்பின் மேலே முழுப் புகைபோக்கியும் ஓர் அறை அளவு. மேலே ஏறினால் சபை கூடும் மண்டபம், கருவூலம், படுக்கை அறைகள், உணவறை. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பார்க்க வேண்டியதில்லை. பொன்வாசலுக்கு நேரம் கொடுங்கள். தேவாலயத்தின் நுழைவு அது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. சுடுமண்ணில் செதுக்கிய இலைகளும் விலங்குகளும், ஒரு பக்கம் புத்தியுள்ள கன்னியர், மறு பக்கம் புத்தியில்லாத கன்னியர். விவிலியத்தில் விளக்குக்கு எண்ணெய் எடுத்து வந்த ஐந்து பேரும் மறந்து வந்த ஐந்து பேரும்தான். மறந்தவர்கள் முகத்தில் தெரியும் துக்கத்தைக் கவனியுங்கள். 1945-ல் தேவாலயம் சிதைந்தபோதும் இந்த வாசல் தப்பித்தது.

தேவாலயத்தின் கிழக்குப் பகுதி பீரங்கிக்கு இரையாகி, பல பத்தாண்டுகள் காயத்தோடு நின்றது. 2016-ல்தான் பணி முடிந்து திறந்தார்கள். வெளிப்புறம் கிழக்கு முகத்தில், மாடத்துக்குள் எட்டு மீட்டர் உயரக் கன்னி மரியாள். வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்து 14-ஆம் நூற்றாண்டில் செய்த மூலச்சிலை குண்டுவீச்சில் தூளானது. இப்போது நிற்பது அதே 2016-ல் மீண்டும் உருவாக்கியது. கோட்டைக்குள் இருந்து இது தெரியாது. வெளியே வந்து கிழக்குப் பக்கம் சுற்றிப் பாருங்கள், காலை வெயிலில் சில்லுகள் மின்னும்.

தேவாலயத்தின் அடியில் புனித அன்னாள் சிற்றாலயம், பெருந்தலைவர்களின் கல்லறை. பதினொரு பேரை இங்கே அடக்கம் செய்தார்கள், மூன்று பேரின் கல் பலகைகள்தான் மிச்சம். அதில் ஒன்று 1410-ல் கோட்டையைக் காப்பாற்றிய அதே பிளௌவனுடையது. காப்பாற்றியதற்குப் பரிசாகப் பெருந்தலைவர் பதவி கிடைத்தது. மூன்றே ஆண்டில் சொந்தச் சபையே பதவியைப் பறித்துச் சிறையில் போட்டது. செத்த பிறகு மட்டும் இடம் கொடுத்தார்கள்.

கடைசியாகக் கழிப்பறை. சிரிக்க வேண்டாம், கட்டடக் கலையில் இது முக்கியமான இடம். மேல் கோட்டையின் மூலையிலிருந்து நீண்ட நடைபாலம் கிளம்பி, தள்ளி நிற்கும் ஒரு கோபுரத்தில் முடிகிறது. க்தானிஸ்கோ என்று பெயர். கழிவு நேரே கீழே அகழியில் விழும், வாடை கோட்டைக்குள் வராது, போர்க்காலத்தில் இதுவே கடைசிக் காவல் அரண். வழியின் தொடக்கத்தில் ஒரு குட்டிச்சாத்தான் சிற்பம் பாதை காட்டும். தண்ணீருக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை பயன்படுத்தினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நம் ஆட்கள் முகம் சுளிக்கும் இடம் இதுதான்.

8. சாப்பாடு

கோட்டை வாசலைச் சுற்றி உணவகங்கள் உண்டு, ஊருக்குள் போனால் விலை குறையும். சைவர்களுக்கு ஒரு வழி: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி ருஸ்கியே கேளுங்கள், கொழுக்கட்டை மாதிரி இருக்கும். ஆனால் மேலே வறுத்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போடமாட்டார்கள். உருளைக்கிழங்கு அடையும் கிடைக்கும். ஜூரெக் என்ற, ரை தானிய மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் சூப் நம் நாக்குக்குப் பிடித்துப்போகும், ஆனால் அதில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

9. இப்போது ஊர்

கோட்டையின் தெற்கு மதிலைத் தாண்டினால் பழைய ஊர் இருக்க வேண்டிய இடம். இருப்பது 1960-களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். சந்தைத் தெருவின் இருபுறமும் தாழ்வாரம் வைத்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது சலவைத்துணி காயும் பால்கனிகள். 1945-ல் ஊர் இடிந்தது. இடிபாட்டுச் செங்கற்களை வார்சாவிலும் க்தான்ஸ்கிலும் பழைய நகரங்களை மறுபடி கட்டுவதற்காக அனுப்பிவிட்டார்கள். ஆம், நேற்று நீங்கள் க்தான்ஸ்கில் படம் எடுத்த அழகான தெருக்களில் மால்பொர்க்கின் செங்கல்லும் இருக்கலாம்.

எஞ்சியவற்றை ஒரு மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். கோட்டையை ஒட்டிய புனித யோவான் ஆலயம், கோதிக் நகரமன்றம், மரியாள் வாயில், குயவர் வாயில். ஆற்றைப் பார்த்தபடி லத்தீன் பள்ளிக் கட்டடம். 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளி, இடிந்து கிடந்ததைச் சமீபத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு வாயில்களுக்கும் இடையே நடந்து பார்த்தால்தான் ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தது என்ற கணக்குப் பிடிபடும். 2008-ல் கோட்டைக்கு அருகே ஓட்டல் கட்டத் தோண்டியபோது ஏறத்தாழ 2,000 பேரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. 1945-ல் இறந்த ஜெர்மானியப் பொதுமக்கள் என்று கருதுகிறார்கள். அவர்களை வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். கோட்டையின் ஆடியோ கைடு இந்தத் தெருக்களுக்கு வராது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

10. வாங்குவதும் திரும்புவதும்

வாசல் கடைகளில் மர வாள், தகரத் தொப்பி நிறைய. அம்பர் வாங்க ஆசை என்றால் தெருவோர மேசைகளில் வேண்டாம், சான்றிதழ் தரும் கடையில் வாங்குங்கள். வாங்கியதைச் சோதிக்க: ஒரு தம்ளர் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைப் போட்டுக் கலக்கி மணியை இடுங்கள். அம்பர் மிதக்கும், பெரும்பாலான பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மூழ்கும். உலோகம் கோத்த நகைக்கு இந்தச் சோதனை பலிக்காது.

மாலை வெயிலில் அக்கரைக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு கவுடோவோவிலேயே வண்டி ஏறலாம், ஆனால் அங்கே நிற்கும் அடுத்த உள்ளூர் வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் பாலம் தாண்டி முதன்மை நிலையத்துக்கு நடக்க வேண்டும். இன்னொரு நாள் கையில் இருந்தால் தெற்கே க்விட்ஸின் போங்கள், மால்பொர்க்கிலிருந்து உள்ளூர் ரயில் உண்டு. அங்கே கோட்டையும் பேராலயமும் ஒட்டி நிற்கின்றன, கூட்டம் கிடையாது, கழிப்பறைக் கோபுரத்துக்குப் போகும் நடைபாலம் மால்பொர்க்கில் இருப்பதைவிட நீளம்.